சாசனச் சுவர்

முதுகுப் பக்கம் சட்டைக் காலருக்குள் ஒரு மர ஸ்கேலைச் செருகிக்கொண்டு சைக்கிளில் போகும் மனிதரை அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பெற்றவர்கள் அவருக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். ஆனால் கடைக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும், ஏன், கட்டிக்கொண்டவளுக்குமே அவர் ஸ்கேல்தான். கடைப் பலகையும் சுவர் எழுத்தும் எழுதுவது அவர் தொழில்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எழுதுகிற சொல் நடுவில் உடையக் கூடாது. ஜன்னல் குறுக்கே வந்தாலும் சரி, மின்சாரப் பெட்டி குறுக்கே வந்தாலும் சரி, "இதைக் கொஞ்சம் நகர்த்திட்டா எழுத்து நல்லா உக்காரும்" என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. சொன்னால் பெரும்பாலும் நகர்த்திவிடுவார்கள். ஒரு மருந்துக் கடைக்காரர் தண்ணீர்க் குழாயையே இடம் மாற்றினார். ஒரு தையல்காரர் மட்டும், "நான் வேணா கடைப் பேரை மாத்திக்கிறேன், ஜன்னலை விட்டுடுப்பா" என்று கும்பிட்டதாகச் சொல்வார்கள்.

அந்தப் பிடிவாதம்தான் அவருக்கு மனைவியையும் கொடுத்தது. ஒரு சலவைக் கடைக்குப் பலகை எழுதப் போயிருந்தார். உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், அந்த மேசை எழுத்தை மறைக்கிறது, கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார். அவள் சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேசையைத் தள்ளினாள்.

"மேசையை நகர்த்திட்டேன். என்னையும் நகர்த்தணுமா, இல்ல நான் இருக்கலாமா?"

ஏணி மேல் நின்றவர் திரும்பிப் பார்த்தார். நீங்க இருங்க என்று சொல்லி முடிப்பதற்குள் பிரஷ்ஷிலிருந்த சிவப்பு, முழங்கை வரை வழிந்துவிட்டது. அந்தச் சட்டையை அவளே துவைத்துக் கொடுத்தாள். கறை போகவில்லை. கல்யாணம்தான் ஆனது.

அவர்கள் குடியிருந்த தெரு, ஒரு பழைய ஆலையின் சுற்றுச்சுவருக்குப் பின்னால் இருந்தது. ஆலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. சுவர் மட்டும் பெரிய சாலையை ஒட்டி நீளமாக நின்றது. எப்போதோ ஒரு லாரி மோதி, அந்தச் சுவரின் நடுவில் ஒரு துண்டு விழுந்துவிட்டது. யாரும் திரும்பக் கட்டவில்லை. தெருக்காரர்கள் அதற்கு 'பல்லு போன இடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேஸ் சிலிண்டர் அதன் வழியாகத்தான் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் போவார்கள். ஓர் ஆட்டோ, கண்ணாடியை மடக்கிக்கொண்டால், உரசாமல் உள்ளே வந்துவிடும். இன்னொரு வழி தெருவின் பின்பக்கம், வாய்க்கால் கரை மேல் சுற்றிப் போய்ப் பெரிய சாலையில் ஏறும் ஒற்றையடிப் பாதை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சரிவில் இறங்கித்தான் நிற்க வேண்டும்.

சொந்தப் பிள்ளை இல்லாத வீடு அது. அந்தக் குறையையும் கேலி பேசியே தள்ளிக்கொண்டிருந்தவளுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரம் இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை முறைக்கு நேரத்தில் போய்ப் படுக்க வேண்டும். தாமதித்தால் அந்த மெஷின் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் அது உயிர்தானே.

கால் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் அவளுக்கு. ஒரு ஆட்டோக்காரப் பெண்தான் பல்லு போன இடத்தின் வழியாக வண்டியை நுழைத்து, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துவாள். "அக்கா, கார் ரெடி" என்பாள். உள்ளேயிருந்து பதில் வரும். "டிரைவர், கதவைத் திறந்து விடு. நான் இறங்கி வர்றப்ப பூ தூவணும்." ஆட்டோவுக்கு ஏது கதவு. இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஸ்கேல் பின்னால் தலையணையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அந்த வேலை வந்து ஏறிக்கொண்டது.

நாட்டின் சாசனம் எழுதப்பட்டதன் பொன்விழா ஆண்டு. நகராட்சி, பெரிய சாலையோரம் இருக்கும் அந்த ஆலைச் சுவரில் சாசனத்தின் முதல் பக்கத்தைப் பெரிதாக எழுதுவது என்று முடிவு செய்தது. விழாவன்று ஊரே சுவருக்கு முன்னால் நின்று அதை உரக்கப் படிக்க வேண்டும். ஊரில் பெரிய எழுத்து என்றால் ஸ்கேல்தானே? இளவயது இன்ஜினியர் ஒருவர் வீடு தேடி வந்தார். நல்ல பிள்ளை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, நீட்டிய தண்ணீரைக் குடித்து, இவரை அண்ணே என்றே கூப்பிட்டார்.

அன்று மாலை ஸ்கேல் அந்த வாசகங்களை மனைவிக்குப் படித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் இருவரும் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் ஐம்பதைத் தொடும் வயதில் அவற்றை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்பது வேறு மாதிரி இருந்தது.

'இங்கே வாழும் நாங்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறோம். எங்களில் பிறப்பால் பெரியவர் இல்லை, சிறியவர் இல்லை. ஓர் உயிருக்கு உள்ள மதிப்பே மற்ற உயிருக்கும். அச்சமின்றிப் பேசுவோம், தடையின்றி நடமாடுவோம். ஒருவர் துன்பத்தில் நிற்கும்போது மற்றவர் முகம் திருப்ப மாட்டோம்.'

அவள் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, "முகம் திருப்ப மாட்டோம்னு எழுதினவங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய வேலைங்க இது. மருந்துக் கடைக்கு எழுதறது இல்ல. நல்லா எழுதணும். நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும்."

அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டுதான் மறுநாள் சுவரை அளக்கப் போனார்.

முதல் வரி ஆள் உயர எழுத்தில், சுவரின் முழு நீளத்துக்கும். மற்றவை அதன் கீழே, சற்றுச் சிறியதாக. சாலையில் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடப் படிக்க முடிய வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஸ்கேல் நூல் பிடித்தார், சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடி அழித்தார். முதல் வரியில் உள்ள மிக நீளமான சொல், 'ஒருவருக்கொருவர்', எப்படிப் போட்டாலும் பல்லு போன இடத்தின் மேலேயே வந்து விழுந்தது. பாதிச் சொல் இந்தப் பக்கம், பாதிச் சொல் அந்தப் பக்கம். நடுவில் தெரு தெரிந்தது.

இன்ஜினியர் பக்கத்தில் வந்து நின்று, என்ன அண்ணே யோசிக்கிறீங்க என்று கேட்டார்.

வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய நாக்கு. யோசிக்காமல் சொல்லிவிட்டது.

"இந்த ஓட்டை மட்டும் அடைஞ்சிருந்தா எழுத்து ஒரே இழுப்புல போயிடும் சார்."

சொன்னார், மறந்தார். எழுத்தைச் சின்னதாக்கி இடத்தைத் தாண்டிப் போகலாமா என்ற கணக்கில் இறங்கிவிட்டார். அது தன் வீட்டு வழி என்பது அந்த நேரத்தில் அவர் மனதில் இல்லவே இல்லை. சுண்ணாம்புக் கட்டி கையில் இருக்கும்போது அவருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். அவரை அறிந்தவர்கள் இதை நம்புவார்கள். அறியாதவர்கள் நம்ப மாட்டார்கள். தெருவில் பாதிப் பேர் பிறகு நம்பவில்லை.

மறுநாள் காலை அவர் பெயின்ட் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பல்லு போன இடத்தில் கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குச் செங்கல் ஏறியிருந்தது. தெருப் பெண்கள் உள்பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கொத்தனார்களுக்கு என்ன தெரியும், கட்டச் சொன்னார்கள், கட்டுகிறார்கள்.

டப்பாக்களை அங்கேயே போட்டுவிட்டு ஸ்கேல் நகராட்சிக்கு ஓடினார். இன்ஜினியர் திகைத்துப்போனார். "நீங்கதானே அண்ணே சொன்னீங்க? நான் மேல சொன்னேன், உடனே சாங்ஷன் ஆயிடுச்சு." அந்தப் பிள்ளையின் முகத்தில் கள்ளம் இல்லை. நல்ல யோசனை ஒன்றை மேலே கொண்டுபோய்ப் பாராட்டு வாங்கிய சந்தோஷம்தான் இருந்தது. அது இப்போது மெல்ல வடிந்துகொண்டிருந்தது. ஸ்கேல் தன் மனைவியின் நிலையைச் சொன்னார். இன்ஜினியர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விழா வரைக்கும்தான் அண்ணே, விழா முடிந்ததும் நானே நின்று திறந்து விடுகிறேன், என் பொறுப்பு என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க வாய்க்கு நீங்க ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள். அவ்வளவுதான். பிறகு, "எழுதுங்க. நீங்க எழுதி முடிச்சு, அவங்க படிச்சு முடிச்சாத்தானே திறப்பாங்க" என்றாள்.

அவர் எழுதினார். ஊர் வேடிக்கை பார்த்தது. பஸ்கள் வேகம் குறைத்துப் போயின. வெள்ளைச் சுவரில் கரு நீல எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. 'ஒருவருக்கொருவர்' எங்கும் உடையாமல், மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் போனது. அவர் வாழ்க்கையில் எழுதிய எழுத்துகளிலேயே அதுதான் அழகு. புதுப்பூச்சின் மேல் பிரஷ் ஓடும்போது கை கூசியது என்று பிற்பாடு மைத்துனரிடம் மட்டும் சொன்னார்.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. அதே தெருவில் குடியிருந்த பிளம்பர். ஆஸ்பத்திரி நாட்களில் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் தம்பியும் பின்னால் புருஷனுமாக, வாய்க்கால் கரைப் பாதையில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டோக்காரப் பெண் கரை முடிகிற இடத்தில் காத்திருப்பாள்.

"மெதுவாடா. பாலம் கட்டறவங்க கல்லு தூக்கற மாதிரி தூக்கறே."

"கல்லு பேசாது அக்கா."

"பேசலைன்னா உங்க அத்தான் தூங்கிடுவாரு. அப்புறம் மூணு பேரும் வாய்க்கால்ல."

அவள் பேச்சு அப்படித்தான் போகும். ஆனால் நாற்காலிக் கையை அவள் விரல்கள் பற்றியிருந்த விதத்தைப் பின்னால் வரும் ஸ்கேல் பார்த்துக்கொண்டே வருவார். ஒருமுறை மழைச் சேறு வழுக்கி, போய்ச் சேரத் தாமதமானது. மெஷின் அடுத்தவருக்குப் போய்விட்டது. நர்ஸ் நல்லவள், கெஞ்சி, நடுவில் ஒரு இடைவெளி கண்டுபிடித்து, பாதி நேரத்துக்குப் போட்டுவிட்டாள். அடுத்த முறை தாமதிக்கக் கூடாது, முகம் உப்பிக்கொண்டு வருகிறது, நீர் நெஞ்சுக்கு ஏறும் என்று எச்சரித்தும் அனுப்பினாள். ஸ்கேல் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதைத் தவிர அவர் கையில் என்ன இருந்தது?

விழா, அவளுடைய ஆஸ்பத்திரி நாளில் வந்து விழுந்தது.

முந்தைய நாளே இன்ஜினியரைப் பார்த்துச் சொன்னார். சாலை அடைப்பு இருந்தாலும் நோயாளியை விடச் சொல்கிறேன், வாய்க்கால் கரையில் நிற்கும் போலீஸிடம் சொல்லிவைக்கிறேன் என்று அவர் உறுதி கொடுத்தார். சொல்லியும் வைத்தார். ஆனால் காலையில் ஆளை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த கான்ஸ்டபிளிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கரைப் பாதை முடிகிற இடத்தில்தான் மேடையின் பின்பக்கம். விருந்தாளிகளின் கார்கள் அங்கே நின்றன. யாரையும் விடக் கூடாது என்பது அவருக்கு வந்த உத்தரவு.

நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேல் கைகூப்பினார். கான்ஸ்டபிள் அவளுடைய முகத்தைப் பார்த்தார், உப்பிய காலைப் பார்த்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை. உடனே போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். ஸ்கேலும் இன்ஜினியரைக் கூப்பிட்டார். எல்லோரும் சுவருக்கு முன்னால், சாசனம் படிக்க நின்றுகொண்டிருந்தார்கள். போனை யார் எடுப்பார்கள்?

"நான் விட்டா என் வேலை போயிடும் அக்கா" என்றார் கான்ஸ்டபிள். "என் கையில என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க."

"உன்னை ஒண்ணும் சொல்லலைப்பா. வெயில்ல நிக்கறே, தண்ணி குடிச்சியா?" என்றாள் அவள்.

படிப்பு முடிந்ததும் வழி விட்டுவிடுவார்கள், அதிக நேரம் ஆகாது என்று அவரே சொன்னார். கரையில் நிழல் இல்லை. அவளைத் திரும்பத் தெருவுக்குள் கொண்டுபோய், சுவரின் நிழலில் உட்காரவைத்தார்கள். பல்லு போன இடம் இருந்த இடத்தில், புதுச் செங்கலுக்குப் பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம், எட்டிப் பிடிக்கும் தூரத்தில், ஊர் முழுக்க நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஒரு வரி சொல்ல, ஆயிரம் குரல்கள் அதைத் திருப்பிச் சொல்லின.

இங்கே வாழும் நாங்கள்.

ஸ்கேல் சுவரை அறைந்து கூப்பிட்டார். யாராவது கேளுங்கள், இங்கே ஒரு நோயாளி இருக்கிறாள் என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே குரலில் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் குரல் சுவரிலேயே முட்டி விழுந்தது.

மைத்துனர் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சம்மட்டியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே வந்த கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார். மேலே எழுதியிருப்பது சாசனம், அதை இடித்தால் சாதாரண வழக்கு இல்லை, நேரே உள்ளேதான் என்றார். "நீ உள்ள போயிட்டா அக்காவை யார்ப்பா தூக்குவா?" தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கை தானாகத் தாழ்ந்தது.

அப்போது, வாழ்நாளில் ஒரு எறும்பைக்கூட அதட்டாத ஸ்கேல் அந்தச் சம்மட்டியைப் பிடுங்கினார். தலைக்கு மேலே தூக்கி ஓங்கி ஒரு அடி அடித்தார். உள்பக்கப் பூச்சு ஒரு கைப்பிடி உதிர்ந்தது. செங்கல் அசையவில்லை. பிரஷ் பிடித்த கைக்கு அவ்வளவுதான் வலு. கான்ஸ்டபிள் வந்து, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல, மெதுவாக அதை வாங்கிக்கொண்டார். அடித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"உக்காருங்க" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "கேளுங்க, எங்க இருக்காங்க இப்போ? நடமாடுவோம் வந்துடுச்சா? அப்ப அடுத்தது கடைசி வரிதான். அதோட வழி விட்டுடுவாங்க."

கடைசி வரி வந்தது. ஒருவர் துன்பத்தில் நிற்கும்போது மற்றவர் முகம் திருப்ப மாட்டோம் என்று ஊர் சொன்னது. கைதட்டல் எழுந்தது. தம்பி நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்.

ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. கேமராக்காரர்களுக்குச் சரியாக வரவில்லையாம். தயவுசெய்து எல்லோரும் இன்னொரு முறை, முதல் வரியிலிருந்து.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. கூட்டத்தோடு சேர்ந்து அவளும் படிக்கிறாள் என்று ஸ்கேல் குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. நடுவில் நிறுத்தி, "நல்லாத்தாங்க எழுதியிருக்காங்க" என்றாள். எழுத்தைச் சொன்னாளா, வாசகத்தைச் சொன்னாளா, அவர் கேட்கவில்லை.

வழி விட்டபோது சாலை முழுக்கக் கார்கள். ஆட்டோக்காரப் பெண் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸ் ஒவ்வொரு படுக்கையாகப் போய்ப் பார்த்தாள். யாரை எழுப்புவது? அன்று ஊரெல்லாம் அடைப்பு என்பதால் எல்லோருமே தாமதம், எல்லோருக்குமே அவசரம். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், விடியட்டும், முதல் ஆளாக இவங்களைத்தான் போடுவோம் என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் மெஷின் கிடைத்தது. படுக்க அவள்தான் இல்லை.

துக்கத்துக்கு இன்ஜினியர் வந்தார். வாய்க்கால் கரை வழியாக, பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்கேல் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சாகக் கிடந்தவளுக்காகத் திறக்கச் சொன்ன இடத்தை, இனி தெருவில் இருப்பவர்களுக்காகவாவது திறந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டார். நடக்க முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

இன்ஜினியர் முயற்சி செய்யாமல் இல்லை. மேலே போய்ப் பேசினார், அதற்கு மேலேயும் போய்ப் பேசினார். திரும்பி வந்து சொன்னபோது அவரால் ஸ்கேலை நேராகப் பார்க்க முடியவில்லை.

"இடிக்க முடியாதுங்கறாங்க அண்ணே. அது இப்ப சுவர் இல்லையாம். சாசனமாம். வெளியூர்லேர்ந்து எல்லாம் வந்து போட்டோ எடுக்கறாங்க, கை வச்சா பிரச்சினை ஆயிடும்ங்கறாங்க."

யார் அப்படிச் சொன்னது என்று ஸ்கேல் கேட்டார். எல்லோரும்தான் என்றார் இன்ஜினியர். குறிப்பாக ஒருவரைக் காட்ட அவராலும் முடியவில்லை. சில மாதத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

மைத்துனர் அக்காவின் காரியங்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று செய்தார். அத்தானுக்குச் சாப்பாடும் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்து வைத்தார். ஒரு நாள் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். மனதில் பல நாளாக ஊறிக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஒரு வார்த்தை உடைஞ்சிருந்தா என்ன?"

ஸ்கேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தக் கேள்வியைத் தம்பி கேட்பதற்கு முன்பே அவர் தன்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். தட்டு அப்படியே இருந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனார். மறுநாளும் சாப்பாடு வந்தது. பேச்சுதான் குறைந்தது.

மழைக்காலம் ஒன்று போனது. பழைய சுவர் ஒரு மாதிரி ஈரம் குடித்தது, புதுப்பூச்சு வேறு மாதிரி குடித்தது. வெயில் வந்து காய்ந்தபோது, 'ஒருவருக்கொருவர்' என்ற சொல்லுக்குப் பின்னால் கதவு ஒன்றின் வடிவம் மங்கலாகத் தெரிந்தது. ஓர் ஆட்டோ நுழையும் அகலம். பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூடத் தெரிந்தது. தெருப் பெண்கள் சாலைப் பக்கம் போகும்போது அதன் எதிரில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள்.

நகராட்சியிலிருந்து ஆள் வந்தது. அந்த இடத்தை மட்டும் வெள்ளையடித்து, எழுத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். அசல் கை எழுதியது, நீங்கள் தொட்டால்தான் சரியாக வரும் என்று மரியாதையாகவே கேட்டார்கள். ஸ்கேல் முடியாது என்று சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

வேறு ஒரு பெயின்டர் வந்தார். நடுத்தர வயது, சுத்தமான கை. ஸ்கேல் சாலையின் எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்து நிழலில் நின்று பார்த்தார். அந்த மனிதர் பட்டி போட்டு நிரவினார், தேய்த்தார், வெள்ளை அடித்தார், காயவிட்டு நீலத்தைக் கலக்கினார். கலக்கும்போதே ஸ்கேலுக்குத் தெரிந்துவிட்டது, கறுப்பு ஒரு துளி கூடிவிட்டது. இந்த நீலம் காய்ந்ததும் பக்கத்து எழுத்தோடு ஒட்டாது. எத்தனை முறை பூசினாலும் அந்த இடம் தனியாகத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் சரிசெய்துகொள்வார். தொழில் தெரிந்தவர்தான்.

பெயின்டர் எழுதி முடித்து இறங்கி, சாலையைத் தாண்டி வந்து நின்று தன் வேலையைப் பார்த்தார். பக்கத்தில் நிற்பவரின் முதுகில் மர ஸ்கேல் இருப்பதைக் கவனித்துச் சிரித்தார்.

"நீங்களும் நம்ம தொழிலா அண்ணே? நல்லா வந்திருக்கா?"

ஸ்கேல் அந்தச் சொல்லைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் நாற்காலி இருந்த இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். நீலத்தைப் பற்றிய அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"வந்திருக்கு" என்றார்.

பஸ் ஒன்று வந்து இருவருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. அது போனபோது பெயின்டர் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்கேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வாய்க்கால் கரைப் பக்கம் சுற்றி வீட்டுக்குப் போனார்.